வாஞ்சூர் தாண்டாத ஆல்பம்

என் மகள் கவியாவின் மஞ்சள் நீராட்டுப் படங்கள் மண்டபத்தூரில் திறந்தன, பட்டினச்சேரியிலும் திறந்தன. மாநில எல்லையான வாஞ்சூர் செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம், நாகப்பட்டினத்தில் இருக்கும் என் அக்கா பெரியநாயகியின் போனில் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“சரக்கு பாட்டில் மாதிரிதான் அண்ணி, பார்டர்ல புடிச்சிட்டாங்க,” என்று சிரித்தான் என் கொழுந்தன் ராஜ்மோகன்.

அவனுக்கு இணையம் என்றால் வாட்ஸப். அவனுடைய குடும்பக் குழுவில் இருப்பவர்களில் பாதிப்பேர் யாரென்று அவனுக்கே தெரியாது.

ஸ்டூடியோக்காரர் எங்களைக் கேட்காமலே என் மகளின் படத்தைத் தன் பக்கத்தில் விளம்பரமாகப் போட்டார். வகுப்பில் அதை எல்லோரும் பார்த்துவிட, கவியா பள்ளிக்கூடம் போக மறுத்தாள். சண்டை போட்டு அதை அவர் பக்கத்திலிருந்து எடுக்க வைத்தேன். ‘இனி நீ சொல்லாமல் உன் படம் வெளியே போகாது’ என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். பழைய லேப்டாப்பில், படங்களைச் சேமித்துப் பகிரும் கட்டற்ற மென்பொருள் ஒன்றை நிறுவி, அலமாரியில் வைத்து, படங்களை அதில் ஏற்றினேன். எந்தக் கம்பெனியும் எட்டிப் பார்க்காது. யாருக்கு இணைப்புக் கொடுக்கிறோமோ அவர்களுக்கு மட்டும் திறக்கும். முழங்கால் ஆபரேஷனால் விழாவுக்கு வரமுடியாத பெரியம்மா பார்க்கலாம் என்று கவியாவே சொன்னாள்.

“சாயங்காலத்துக்குள்ள அவங்களுக்குத் தொறக்கலைன்னா நான் குரூப்ல போட்டுடுவேன். ஸ்டூடியோக்காரரு எனக்கும் ஒரு பென்டிரைவ் குடுத்திருக்காரு,” என்றான் ராஜ்மோகன்.

“உங்களை யாரு சித்தப்பா கேட்டா?”

“ஒரு கிளிக்ல முடியிற வேலைம்மா. உங்கம்மா ராக்கெட் விடுறாங்க.”

“போடறதுக்கு ஒரு கிளிக்தான் தம்பி. எடுக்கறதுக்கு எத்தனைன்னு தெரியுமா?” என்றேன். அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை.

எங்களுக்கு இணையம் தரும் கேபிள்காரர் ஆபீசுக்குப் போன் செய்தேன்.

“மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்.”

“பண்ணிட்டேன்.”

“அப்ப இன்னொரு தடவை பண்ணுங்க.”

சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்லும் பதில் இது!

என் போனில் வைஃபையை அணைத்து, சிம்மின் டேட்டாவில் இணைப்பைத் தட்டினேன். லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் வட்டம்தான் சுற்றியது. அப்படியானால் பார்டர்மேல் குற்றமில்லை. நான் சோதித்த விதம்தான் தப்பு. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் தண்ணீர் குடிக்கும் முன்பே வைஃபை பாஸ்வேர்டு கேட்பது எங்கள் வழக்கம். மண்டபத்தூரிலும் பட்டினச்சேரியிலும் அப்படித்தான் கேட்டு வாங்கிச் சோதித்தேன். இரண்டு வீட்டிலும் எங்கள் கேபிள்காரரின் லைன். அவர் வயர் வாஞ்சூரோடு முடிகிறது.

மோடத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எங்கள் இணைய முகவரி 100 என்று தொடங்கியது. உலகத்துக்குத் தெரியும் முகவரியோ வேறு. அதாவது, கேபிள்காரர் ஊர் முழுவதற்கும் ஒரே வெளிவாசலை வைத்துவிட்டு, வீடுகளுக்கு உள் எண் கொடுத்திருக்கிறார். நான் படங்கள் இருக்கும் என் தளத்தின் பெயரோடு அந்த உள் எண்ணைக் கோத்திருந்தேன். உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் அதை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். வெளியிலிருந்து வருகிறவருக்கு அந்த எண்ணால் பயனில்லை. வெளிவாசலுக்கே வந்தாலும் எந்த வீடு என்று அதற்குத் தெரியாது. ஆனால் உள்ளிருந்து யாராவது முதலில் வெளியே போனால், பதிலை அவர்களிடமே கொண்டுவந்து சேர்க்கும். இதுதான் இதில் அழகான விஷயம்!

“புரியுதா தம்பி?”

“எனக்கெதுக்கு அண்ணி இதெல்லாம்?” என்று அவன் பென்டிரைவை விரலில் சுற்றினான்.

வெயில் இறங்குவதற்குள் அக்கா போனில் கூப்பிட்டாள். “கவியா, ஜிமிக்கி யாரு எடுத்துக் குடுத்ததுடி? இவ்ளோ பெருசா இருக்கு!”

கவியா சித்தப்பாவிடம் கையை நீட்டினாள். அவன் என்னைப் பார்த்தான். பென்டிரைவைக் கொடுத்தான்.

செய்தது இவ்வளவுதான்: பொது முகவரி உள்ள சின்னக் கணினி ஒன்றை வெளியே, இணையத்தில், வாடகைக்கு எடுத்தேன். லேப்டாப்பே முதலில் அதைக் கூப்பிட்டு, வெளியார் படிக்க முடியாதபடி மறையாக்கிய சுரங்கப்பாதை ஒன்றைத் திறந்துவைத்திருக்கும்படி செய்தேன். தளத்தின் பெயரை அந்தக் கணினியின் முகவரிக்கு மாற்றினேன். அங்கே வருவதை அது பிரித்துப் பார்க்காமல் சுரங்கம் வழியாக வீட்டுக்கு அனுப்புகிறது. பூட்டும் சாவியும் படங்களும் அலமாரி லேப்டாப்பில் இருக்கின்றன.