நாற்பத்திரண்டு டப்பா உயிர்கள்

அன்று காலை ஜிம்மில் இருந்தவர்கள்: முதலாளியும் பயிற்சியாளருமான என் அத்தான். வருகைப் பதிவேட்டையும் ஏ.சி. ரிமோட்டையும் யாரிடமும் கொடுக்காத என் அக்கா. நாற்பது வயதுக்கு மேல் எடை தூக்க ஆசைப்பட்ட பல் டாக்டர். சோதனைக்கு வந்த பவுடர் கம்பெனிக்காரர். சாவிக்கொத்தோடு நான். இது போக நாற்பத்திரண்டு டப்பா குடல் பவுடர். ஒவ்வொரு டப்பாவிலும் ஐயாயிரம் கோடி நுண்ணுயிர்கள் உயிரோடு இருப்பதாக லேபிள் சொன்னது. அவற்றையும் எண்ணினால் கூட்டம் அதிகம்தான்.

ராத்திரி ஷிப்டை விட்டுவிட்டு வந்த என்னை அக்கா ஒரு மாதம் பார்க்கலாம் என்று சேர்த்திருந்தாள். அன்றோடு மாதம் முடிகிறது.

"டேய், இன்னிக்கு ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இரு. அவர் கையெழுத்துப் போட்டா நம்ம ஜிம் இந்தப் பவுடரை விக்கிற ரெக்கவரி சென்டர் ஆயிடும், உன் வேலையும் நிரந்தரம். இல்லேன்னா மறுபடி போய் விடிய விடிய அட்டைப்பெட்டி ஒட்டு."

சரி என்றேன். அந்த வேலைக்குத் திரும்பிப் போவதைவிட ஊமையாக இருப்பது மேல்.

கம்பெனிக்காரர் முதலில் பல் டாக்டரை விசாரித்தார்.

"முன்னாடியெல்லாம் ஸ்குவாட் போட்டா மூணு நாளைக்குப் படி இறங்க முடியாது சார். ஒருத்தர் வாயைப் பார்க்கக் குனிஞ்சா நிமிர முடியாது. இப்போ மறுநாளே ஓடுறேன். வயிறு பஞ்சு மாதிரி இருக்கு."

"எப்படி எடுத்துக்கறீங்க?"

"லேபிள்ல போட்டிருக்கிற மாதிரியேதான். ஒரு ஸ்பூன் பவுடர், எட்டு மணி நேரத் தூக்கம், நேரத்துக்குச் சாப்பாடு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓய்வு."

"பவுடரோட மகிமையைப் பாத்தீங்களா!" என்றார் அத்தான்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஸ்டாக் எங்க இருக்கு?" என்றார் கம்பெனிக்காரர்.

டப்பாக்கள் வந்த அன்று அத்தானுக்கு இருந்த ஒரே பயம் திருட்டு. உள்ளே பூட்டு உள்ள அறை ஒன்றுதான்: பழைய நீராவி அறை. நீராவி நின்று இரண்டு வருடம் ஆகிறது. ஆனால் குளியலறைகளுக்கு வெந்நீர் போடும் பாய்லர் இன்னும் அங்கேதான் இருக்கிறது. "பூட்டுற இடமா பாத்து வை மச்சான்" என்றார். வைத்தேன். 'குளிர்ந்த இடத்தில் வைக்கவும்' என்பதை அவரும் படித்தார், நானும் படித்தேன். களவு போகாமல் இருந்தால் போதும் என்று முடிவானது.

கதவைத் திறந்ததும் கம்பெனிக்காரரின் கண்ணாடியில் ஆவி படிந்தது. பையிலிருந்து வெப்பமானியை எடுத்து நீட்டினார். நாற்பத்தெட்டு டிகிரி.

"எல்லாம் செத்திருக்கும்" என்றார்.

அக்கா நெஞ்சில் கை வைத்தாள். டாக்டர் வயிற்றில் கை வைத்தார். "அப்போ ஒரு மாசமா நான் குடிச்சது?"

அத்தான் சுதாரித்துக்கொண்டார். "யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் டாக்டர். இதுவும் அப்படித்தான்."

கம்பெனிக்காரர் கண்ணாடியை நெடுநேரம் துடைத்தார். பிறகு, "சார் சொல்றதுலயும் விஷயம் இருக்கு" என்று படிவத்தை எடுத்தார். டாக்டரின் கை வயிற்றிலிருந்து இறங்கியது. பேனா முனை காகிதத்தைத் தொடப் போனது. இன்னும் ஒரே நிமிடம் நான் சும்மா இருந்திருக்கலாம்.

"செத்ததைக் குடிச்சே டாக்டர் இந்த ஓட்டம் ஓடுறாருன்னா, உயிரோட இருக்கிறது எதுக்கு சார்? அந்தத் தூக்கத்தை மட்டும் டப்பால அடைச்சுக் குடுங்களேன்."

டாக்டர் சிரிக்கத் தொடங்கி, மற்ற முகங்களைப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டார்.

கம்பெனிக்காரர் பேனாவை மூடினார். "இனிமே நான் எதையும் பாக்காத மாதிரி போக முடியாது. 'கண்ட குறைக்கு எடுத்த நடவடிக்கை'ன்னு இந்தப் படிவத்துல ஒரு கட்டம் இருக்கு. அதை நிரப்பினாத்தான் கையெழுத்து."

அத்தான் பாய்லரைப் பார்த்தார். அதைக் கழற்றினால் வெந்நீர் இல்லை. டப்பாக்களைப் பார்த்தார். அவற்றை எறிந்தால் சென்டர் இல்லை. கடைசியாக என்னைப் பார்த்தார்.

"மச்சான், தப்பா எடுத்துக்காத."

அக்காவுக்கு முத்து முத்தான கையெழுத்து. 'சேமிப்புப் பொறுப்பாளர் நீக்கப்பட்டார்' என்று கட்டத்துக்குள் அடங்க எழுதினாள். கம்பெனிக்காரர் கையெழுத்துப் போட்டார்.

"புது ஸ்டாக் வந்ததும் உங்களுக்குத்தான் முதல் டப்பா டாக்டர்" என்றார் அத்தான்.

"வேண்டாம் மாஸ்டர். இதையே குடுங்க. எனக்குச் செத்ததுதான் ஒத்துக்குது."

டாக்டருக்கு ஒன்று போக மிச்ச நாற்பத்தொன்றையும் உள்ளேயே விட்டு, என்னிடமிருந்து வாங்கிய சாவியால் அக்கா அந்த அறையைப் பூட்டினாள். வாசல்வரை என் செருப்பையும் அவளே எடுத்து வந்தாள்.

"நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க?"

"எழுத்துப் பிழை இல்லாம எழுதினியே, அதுவே போதும்."

"போடா."

வெளியே வெயில். பகலில் அந்த வாசல் கதவைப் பூட்டி நான் பார்த்ததில்லை.

"பூட்டிடு, மறுபடி உள்ள வந்து ஏதாவது கேப்பான்" என்று அத்தான் சொல்வது கேட்டது. அக்கா கதவைச் சாத்தினாள். சாவி இரண்டு முறை திரும்பியது.