தையல்காரத் தசை

1

இந்தக் கதை அகராதியில் பிறந்தது என்று சொன்னால் எனக்குக் கௌரவமாக இருக்கும். உண்மையில், கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கக் கொடுத்த கடையில் பிறந்தது. அங்கே கோட்டுகளுக்குக் கையால் காஜாவும் உள்துணியும் தைப்பவரை எல்லோரும் காஜா அக்கா என்பார்கள். சம்மணமிட்டு உட்கார்ந்தால்தான் அவருக்கு ஊசி ஓடும். இடுப்பெலும்பு முறிந்து, சேர்ந்து, வேலைக்குத் திரும்பியபோது இடது கால் மடங்க மறுத்தது.

"மாசக் கடைசிவரைக்கும் பாப்போம்க்கா," என்றார் முதலாளி. "முடியலன்னா பில் போடுற எடத்துல உக்காந்துக்கங்க."

அக்காவுக்கு அது பாதி உயிர் போன மாதிரி.

2

("ஜன்னலுக்கு வெளியே மழை" என்று தொடங்கி அடித்துவிட்டேன். மழைக்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம்?)

பிசியோதெரபி செய்யும் பெண் ஒருநாள் சொன்னாள்: "சம்மணம் போட உதவுற தசைக்கு சார்ட்டோரியஸ்னு பேருக்கா. லத்தீன்ல சார்ட்டர்னா தையல்காரர். அந்தக் காலத்துல அவங்க உக்காந்த விதத்தப் பாத்து வச்சதுன்னு சொல்வாங்க. உடம்புலயே நீளமான தசை."

அக்காவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. "டாக்டருங்க அவங்க பேர வைக்காம எங்க பேரயா வச்சாங்க?" என்றபடி உடுப்பின் மேலேயே, தொடை நெடுக, சாக்கட்டியால் நேர்கோடு இழுத்தார்.

"நேரா போகாதுக்கா. இடுப்போட வெளிப்பக்கம் ஆரம்பிச்சு, தொடையக் குறுக்க தாண்டி, முட்டிக்குக் கீழ உள்பக்கம் போயிச் சேரும்."

அக்கா கோட்டைத் தட்டி அழித்தார். "அப்ப கிராஸ் கட்டுன்னு சொல்லு. கிராஸ்ல வெட்டுன துணி இழுத்தா நீண்டு குடுக்கும். இதுவும் குடுக்கும்."

"அது துணிக்கா."

"இது எங்க ஆளும்மா."

அதுவரை கடனே என்று செய்த பயிற்சியை அன்றிலிருந்து விடாப்பிடியாகச் செய்தார்.

3

எனக்கு நம்பிக்கை இல்லை. சோகமாக ஒரு முடிவு தயாராக வைத்திருந்தேன்: கலங்கிய கண்களோடு அவர் பில் மேசையில்…

இல்லை, கிழித்துவிட்டேன். மாசக் கடைசியில் முதலாளி பார்த்துக்கொண்டிருக்க, அக்கா பாயில் அமர்ந்தார். வலது கால் மடங்கியது. இடது கால் பாதியில் நின்றது.

"வாடா, நம்ம ஆளு," என்று தொடையைத் தட்டினார்.

மடங்கியது. முதலாளி தைக்க வேண்டிய கோட்டு ஒன்றை எடுத்து அவர் மடியில் வைத்தார். எழுதும்போது எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை.

4

அவர் எழுந்து கம்பீரமாக நடந்தால் கதை முடிந்துவிடும். கடைக்கே போய்க் கேட்டேன்: "கொஞ்சம் எந்திரிக்கிறீங்களாக்கா? கதைய முடிக்கணும்."

அக்கா நூலைப் பல்லால் கடித்தார். "இப்பதான உக்காந்திருக்கேன். எதுக்கு எந்திரிக்கணும்?"

முடிவு வேண்டும் என்பவர்கள் போய் எழுப்பிப் பாருங்கள். என்னால் ஆகவில்லை.