எழுதும் முன்பே பச்சை விளக்கு

விஜயபாண்டி சால்னா விரலோடு தட்டிவிட்டுப் போன கீபோர்டைத் தொடவே காளீஸ்வரிக்குக் குமட்டியது. அலுவலகத்தில் அவளுக்கு மூத்தவன். திரையில் அவன் செய்து வைத்திருந்ததைப் படித்ததும் குமட்டல் இன்னும் கூடியது.

தளவாய்புரம் பக்கத்துப் பேண்டேஜ் மில்லுக்கு அவர்களுடைய ராஜபாளையம் அலுவலகம் எடை பதியும் கம்ப்யூட்டர் செய்து கொடுக்கிறது. பண்டலைத் தராசில் வைத்தால் எடை முதலில் ஜர்னல் என்ற முன்குறிப்பில் ஏறும், பிறகுதான் கணக்கில் தன் இடத்துக்குப் போகும். நடுவில் கரண்ட் போனாலும் ஜர்னலைப் பார்த்து மீட்டுவிடலாம். ஜர்னல் டிஸ்கில் பதிந்த பின்தான் பச்சை விளக்கு எரியும். அதுவரை ஆள் நிற்க வேண்டும். அந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான் அவள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். பல தராசுகளின் பதிவைச் சேர்த்து ஒரே தடவையில் எழுத வைத்ததில் அது பாதியாகியிருந்தது. விஜயபாண்டி ஒரே வரியில் அதை இல்லாமலே ஆக்கிவிட்டான். டிஸ்கில் எழுதும் முன்பே எழுதியாயிற்று என்று சொல்லும்படி மாற்றியிருந்தான்.

கேட்டதற்குப் பல்லைக் குத்திக்கொண்டே, "ஏட்டி, யூ.பி.எஸ். எதுக்கு இருக்கு?" என்றான்.

அந்த மில்லில் ஒருமுறை பஞ்சில் தீப்பிடித்ததிலிருந்து, வேலை முடிந்து சங்கு ஊதியதும் வாட்ச்மேன் சிவனாண்டி மெயினோடு யூ.பி.எஸ்ஸையும் அணைத்துவிடுவார். காளீஸ்வரி அதையும் சொன்னாள். அணைக்க வேண்டாமென்று அவரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றான். ஆனால் சொல்லவில்லை.

மறுநாள் மில்லில் பச்சை விளக்கு படபடவென்று எரிந்தது. முதலாளி ஐயாதுரை விஜயபாண்டியின் தோளைத் தட்டினார். சாயங்காலம் சங்கு ஊதியது. சிவனாண்டி வழக்கம்போல் எல்லாவற்றையும் அணைத்தார்.

காலையில் போன் வந்து இருவரும் ஓடினார்கள். எடைக்குக் கூலி வாங்கும் வெள்ளைத்தாய் முந்தின நாள் கடைசியாகப் போட்ட பண்டல்கள் எதுவும் பதிவில் இல்லை. சரக்கு லாரியில் போய்விட்டது. அவள் உழைத்ததற்கு வேறு அத்தாட்சி கிடையாது. விஜயபாண்டி அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இந்தப் பொம்பளைகள் போடாததையும் போட்டோம் என்பார்கள், மெஷின் பொய் சொல்லாது என்று முதலாளியிடம் சிரித்தான்.

காளீஸ்வரியின் வாயில் எச்சில் கசந்தது.

"அவிய பொய் சொல்லல, மொதலாளி. மெஷின்தான் எழுதாததை எழுதிட்டேன்னு சொல்லுச்சு. அப்படிச் சொல்ல வச்சது இவரு."

அடிக்காத செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு விஜயபாண்டி வெளியே நழுவினான். ஐயாதுரை வெள்ளைத்தாய் சொன்ன எடையையே ஏற்றச் சொன்னார். பிறகு, காளீஸ்வரி செய்த முறை தராசில் ஆளை எம்புட்டு நேரம் நிறுத்தும் என்று முகம் கோணக் கேட்டார்.

"ஒரு மூச்சு விடுத நேரம்."

"நாங்க நின்னுக்கிடுதோம்," என்றாள் வெள்ளைத்தாய்.