ஜெயித்தவர் எழுந்துகொள்ள வேண்டும்

என் கேரம் கிளப்பில் நான் வைத்த சட்டம் ஒன்றுதான். தோற்றவன் எழுந்துகொள்ள வேண்டும். ஜெயித்தவன் உட்கார்ந்து அடுத்தவனோடு ஆடலாம். காவலூரில் சாமை பயிரிடும் மாதையன் மத்தியானம் உட்கார்ந்தால், விளக்கு வைக்கும்வரை அவரை யாராலும் எழுப்ப முடியாது. அவர் ஆடுவதைப் பார்க்கவே புதூர்நாட்டிலிருந்து ஜீப் பிடித்து வந்தார்கள்.

எதிர் டீக்கடையில் வீடியோ போட ஆரம்பித்ததும் அந்தக் கூட்டம் மொத்தமும் அங்கே போய்விட்டது. எனக்கு மிஞ்சியது பஸ்ஸுக்குக் காத்திருக்கும் காலேஜ் பையன்கள்தான்.

"அவரே உக்காந்துனு இருந்தா நாங்க எப்போண்ணா ஆட்றது? இனிமே ஜெயிச்சவங்க எழுந்துக்கட்டும்," என்றான் அவர்களில் ஒருவனான தனபால். வேறு ஆள் இல்லாத கொடுமைக்கு நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

அதன்பிறகு மாதையன் ஒரே ஓர் ஆட்டம் ஆடுவார், ஜெயிப்பார், எழுந்துபோய்ச் சுவரோரம் நிற்பார். இந்தப் பயல்கள் சினிமாப் பாட்டுப் பாடிக்கொண்டு காய்களைக் கண்டபடி சிதறடிப்பார்கள். ஒருவனுக்காவது ஆட்டத்தின் மேல் கண் இருக்க வேண்டுமே! எல்லாக் கண்ணும் ரோட்டின் மேல்தான்.

நேற்று மாதையனுக்கு ஒரு காய்தான் பாக்கி. அது குழியின் வாயிலேயே இருந்தது, கண்ணை மூடிக்கொண்டு போடலாம். அவர் அதைத் தொடாமல் ஸ்ட்ரைக்கரைக் குழிக்குள் தள்ளினார். தனபால் தட்டுத்தடுமாறித் தன் கடைசிக் காயைப் போட்டு ஜெயித்துவிட்டான்.

"பரவால்ல பெரியப்பா, வயசாச்சில்ல," என்று அவர் தோளைத் தட்டிவிட்டு எழுந்தான். "நீங்க உக்காந்து இன்னொரு ஆட்டம் ஆடுங்க."

மாதையன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவசர அவசரமாகக் காய்களை அடுக்கினார்.