பல் டாக்டர் வீட்டுப் பாட்டு

1983 மார்ச் 12, சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. துறைமுகத்தை ஒட்டிய விளையாட்டுத் திடலில் ஆறு ராக் குழுக்கள் வாசிக்க இருந்தன. நான்காவதாக மேடையேற வேண்டிய குழுவின் ‘ஈரக் குடை’ என்ற பாட்டு ஏழு வாரங்களாக வானொலிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது.

குழுவில் மூன்றே பேர். பாடிக்கொண்டே பேஸ் கிட்டார் வாசிப்பவள், கிட்டார் வாசிக்கும் அவள் அண்ணன், குச்சிக்குப் பதில் பிரஷ்ஷால் டிரம்ஸைத் தடவுவதால் பஞ்சு என்று பெயர் வாங்கிய நண்பன். பாட்டும் அப்படித்தான், அதட்டாத பாட்டு. வீடுகளில் கேட்டார்கள், பேருந்துகளில் கேட்டார்கள். ராக் ரசிகர்களுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வார இதழில் விமர்சகர் எழுதினார்: “பல் டாக்டர் வீட்டு வரவேற்பறைக்கு ஏற்ற பாட்டு. மரத்துப்போகும் ஊசி மிச்சம்.”

பாடகி நான்கு வருடமாகப் பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பது அவருக்குத் தெரியாது. ஆனால் அந்த வாரத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

மேடைக்குப் பின்னால், துணி மறைப்புக்குள், ரெக்கார்டு கம்பெனி மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

“ஒரு வாரமா ஒத்திகை பார்த்த மாதிரி வாசிங்க. பெடலை மிதிச்சா கிட்டார் அலறணும். கூட்டம் ஏத்துக்கிட்டா அடுத்த ரெக்கார்டுக்குத் திங்கட்கிழமை கையெழுத்து. பழையபடி தாலாட்டினீங்கன்னா இத்தோட சரி.”

அவர் போனதும் பாடகி சொன்னாள்: “அண்ணா, நான் பழைய மாதிரிதான் பாடப் போறேன்.”

“விளையாடாதடி. அச்சகத்து வேலையை விட்டுட்டு வந்திருக்கேன். உனக்காவது மேசை இருக்கு.”

“அந்த மேசைக்கு முன்னாடி உட்கார்ந்திருக்கிறவங்கள நீ பார்த்ததில்ல. கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு, பயந்துபோய் இருப்பாங்க. அவங்களுக்குன்னு ஒரு பாட்டு இருந்தா என்ன கேவலம்?”

“கேவலம்னு நான் சொன்னேனா?”

“அலறணும்னு ஒத்துக்கிட்டியே, அதுக்கு என்ன அர்த்தம்?”

பஞ்சு சட்டைக்குள் கையை விட்டு இரண்டு பிரஷ்களை எடுத்தான். அவற்றைக் கொண்டுவரக் கூடாது என்பது மேனேஜரின் உத்தரவு.

“நான் யாரையும் எதிர்க்கலப்பா. முதுகு சொறியக் கொண்டுவந்தேன்” என்றான்.

மேடையேறியதும் கூச்சல் தொடங்கியது. “தலையணை கொண்டாங்கடா!” என்றான் ஒருவன். முன்வரிசையில் தோல் சட்டை போட்டவன் வாயைப் பிளந்து காட்டினான்: “அம்மா, எனக்குக் கடவாய்ப் பல் வலிக்குது!”

“டோக்கன் வாங்கிட்டு உட்காருங்க சார். கூப்பிடுறேன்” என்றாள் மைக்கில், வேலை நேரத்துக் குரலில். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் குனிந்து பெடலில் செருகியிருந்த ஒயரைப் பிடுங்கி, நேரே கிட்டாரில் செருகினான்.

பாட்டு தொடங்கியது. பின்வரிசைகளுக்கு எட்டவில்லை. ஒலிப் பலகையில் இருந்தவர் சத்தத்தை ஏற்றட்டுமா என்று சைகையில் கேட்டார். அவள் கையைத் தாழ்த்தி, குறைக்கச் சொன்னாள். தன் காதில்தான் கோளாறோ என்று நினைத்தவர்போல் அவர் ஹெட்போனைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் குறைத்தார்.

ஒரு பிளாஸ்டிக் பாட்டில் டிரம்ஸில் பட்டு உருண்டது. இன்னொன்று அவள் தோளில் பட்டது. நூறு இருநூறு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு வெளியேறினார்கள். சிலர் கேட்பதற்காக முன்னால் நகர்ந்து வந்தார்கள். மற்றவர்கள் இருந்த இடத்திலிருந்தே கத்தினார்கள். மூவரும் ஒரு வரியையும் விடாமல், வேகத்தைக் கூட்டாமல் முடித்தார்கள்.

மேடை ஓரத்தில் மேனேஜர் கீழே இறங்கும்படி கையாட்டினார்.

“பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேட்கலையாம்” என்றாள் பாடகி. “கேட்கணும்னா கொஞ்சம் வாயை மூடணும். இன்னொரு தடவை பாடுறேன்.”

அண்ணன்தான் முதலில் தொடங்கினான். அதே பாட்டை, அதே சத்தத்தில், முழுதாக வாசித்தார்கள். கூச்சல் கடைசிவரை ஓயவில்லை.

திங்கட்கிழமை கம்பெனி அடுத்த ரெக்கார்டுக்குக் கையெழுத்துப் போட மறுத்தது. ‘ஈரக் குடை’ மேலும் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. ஒத்திகை பார்த்த அதன் அலறும் வடிவம் எங்கும் பதிவாகவில்லை.