ரெண்டாவது தடவை

கார்டை மெஷின்மேல் வைத்த பிறகுதான், அதற்குச் சரி சொல்ல வேண்டிய ஆள் செத்துப்போய்விட்டார் என்பது அவளுக்கு உறைத்தது.

கடைக்காரர் பாலையும் டீத்தூளையும் பேப்பர் கப்புகளையும் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். வீடு கொள்ளாத கூட்டம். வந்தவர்களுக்கு ஒரு வாய் டீயாவது கொடுக்க வேண்டாமா என்று அத்தைதான் அவளைக் கடைக்கு விரட்டினாள். காசு கொடுக்க அத்தைக்கும் தோன்றவில்லை, கேட்க இவளுக்கும் தோன்றவில்லை. கடைக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் கை தானாகக் கார்டை எடுத்து நீட்டிவிட்டது.

கார்டில் இருப்பது அவள் பெயர்தான். ஆனால் குடுமி அப்பாவின் கையில். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளுக்கு வங்கி கொடுக்கிற கணக்கு அது. அவள் எங்கே கார்டைத் தேய்த்தாலும் அப்பாவின் போனுக்கு ஒரு கேள்வி போகும். வேண்டாம் என்றால் அவர் திரையை லேசாகத் தொட்டால் போதும். சரி என்றால் கட்டைவிரலை வைத்து அழுத்த வேண்டும். அப்பா லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எந்தக் குழிக்குள் தொங்கிக்கொண்டிருந்தாலும் பதில் போட்டுவிடுவார். ஒரே ஒரு சிக்கல், முதல் பதில் எப்போதும் 'வேண்டாம்'தான். பென்சில் வாங்கினாலும் வேண்டாம், தலைவலி மாத்திரை வாங்கினாலும் வேண்டாம். உடனே மறுபடி கேட்டால் மறுபேச்சில்லாமல் சரி.

"மொத தடவ கேக்குறது ஆசை, மேனேஜரம்மா. ரெண்டாவது தடவையும் கேட்டாதான் அது தேவை" என்பார். தோழிகள் முன்னால் எத்தனை முறை அவள் மானம் கப்பலேறியிருக்கிறது என்று கேட்டால் கதை கதையாகச் சொல்வாள்.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. 'வேண்டாம்' என்று வந்திருந்தது.

"அப்பா வேண்டாம்ங்கிறாரா? இன்னொரு தடவ வைம்மா" என்றார் கடைக்காரர். இந்தக் கூத்தெல்லாம் அவருக்குப் பழக்கம். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கும் நினைவு வந்தது. முகம் சுண்டிப்போய், "அப்புறமா குடுத்துக்கலாம், எடுத்துட்டுப் போ" என்று பையைத் தள்ளினார்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. கார்டை மறுபடி வைத்தாள். இரண்டு பேரும் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெருவில் ஒரு சைக்கிள் போனது. மெஷின் சின்னதாகக் கூவிவிட்டு ரசீதைத் துப்பியது.

கடைக்காரர் ரசீதைக் கிழிக்கவே இல்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். உச்சிவெயிலில் முதுகு குளிர்ந்தது.

காலையில், ஒரு அலுவலகக் கட்டடத்தின் மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் இருக்கிற அறையில்தான் அப்பாவைப் பார்த்திருக்கிறார்கள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். மடியில் ஸ்பேனர். அசதியில் கண்ணயர்ந்துவிட்டார் என்று கூட வேலை செய்கிறவர் கொஞ்ச நேரம் எழுப்பாமல்கூட விட்டிருக்கிறார். மாரடைப்பு என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அவர் போவதற்குச் சற்று முன்னால், பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, அவள் அவரிடம் ஒன்று கேட்டிருந்தாள்.

கப்பல் பள்ளி. வேறு ஊரில், விடுதியில் தங்கிக் கடல்வேலை படிக்கிற இடம். தேர்வில் தேறிவிட்டாள். இடத்தை உறுதிசெய்ய முன்பணம் கட்ட வேண்டும், இன்று மாலையோடு கடைசி. அப்பா அதைப் பற்றி வாயே திறக்காமல் ஒரு வாரத்தை ஓட்டியிருந்தார். பஸ்ஸில் போனிலேயே அதைக் கட்டப் பார்த்தாள், 'வேண்டாம்' என்று வந்தது. வழக்கம்போல மறுபடி கேட்டிருக்கலாம். ஆனால் இதுகூடவா ஆசை என்று அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நீயாகக் கூப்பிட்டுச் சொல்லு என்று போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டாள். அந்த 'வேண்டாம்'தான் இப்போது அவருடைய கடைசி வார்த்தையாக நிற்கிறது. அதற்கு அடுத்த பதில் என்ன என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் எங்கேயும் போகவும் முடியாது, இங்கேயே இருக்கவும் முடியாது.

வீட்டில் பெரியப்பா அப்பாவின் போனைத் தேடிக்கொண்டிருந்தார். அலமாரி, சட்டைப்பை, கருவிப்பெட்டி என்று ஒன்றும் பாக்கியில்லை.

"ஆஸ்பத்திரியில வாட்ச், சாவி, போன் எல்லாத்தையும் உன் கையிலதானம்மா குடுத்தாங்க? நாலு பேருக்குச் சொல்லணும். நாளைக்கு பேங்க்ல போய் எழுதிக் குடுக்கணும், இல்லன்னா கணக்கு திறந்த வீடா கெடக்கும்."

அம்மா அப்பாவின் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தி அவரைக் கூடத்துக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். "தெரியல" என்றாள் அம்மா. வந்ததிலிருந்து அந்த நாற்காலியை விட்டு அவள் எழுந்திருக்கவே இல்லை.

அத்தை டீ போட்டாள். அவள் கப்புகளை அடுக்கிக் கொடுத்தாள்.

"அத்தை, அப்பா போன் யார்கிட்ட இருக்கு?"

"அதான் உங்க பெரியப்பா வீட்டையே தலைகீழாக்குறாரே. ஏன் கண்ணு?"

"கடையில கார்டு வெச்சேன். பதில் வந்துச்சு."

அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள். "என்ன பதில்?"

"மொதல்ல வேண்டாம்னு. அப்புறம் சரின்னு."

அத்தைக்கு அண்ணனின் குணம் தெரியும். அடுப்பைத் தணித்தாள். பிறகு, "இத வேற யார்கிட்டயும் சொல்லாத" என்று மட்டும் சொல்லிவிட்டு டீயை வடிகட்ட ஆரம்பித்தாள். டீ வெளியே வழிந்தது.

அவள் கூடத்து வாசல்படியில் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்து எல்லோரையும் பார்க்கலாம். பெரியப்பா ஜன்னலோரம் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அப்பாவோடு வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர், காலுறையில் கிரீஸ் கறையோடு, சுவரோரம் நின்றார்கள். அம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குனிந்திருந்தாள். அவள் தன் போனுக்கு மிகச்சிறிய ரீசார்ஜ் ஒன்றைத் தேர்ந்து, 'பணம் கட்டு' என்பதை அழுத்தினாள்.

ஒருவரும் அசையவில்லை. அம்மாவின் இரண்டு கையும் முகத்தில்தான் இருந்தன. வெள்ளைத் துணியின் ஓரத்தில், அப்பாவின் இடுப்புக்குப் பக்கத்தில், மங்கலாக ஒரு வெளிச்சம் வந்து அணைந்தது.

'வேண்டாம்.'

அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஓடிவிடலாம் என்று இருந்தது. ஆனாலும் விரல் மறுபடி அழுத்தியது. இந்த முறை வெளிச்சம் வந்ததும் அம்மா முகத்திலிருந்து கையை எடுத்தாள். யாரையும் பார்க்காமல் வலது கையைத் துணிக்குள் விட்டாள். துணி கொஞ்சம் ஏறி இறங்கியது.

'சரி.'

வாசலில் வண்டி வந்து நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பெரியப்பா எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். "தாயும் மகளும் ஒரு நிமிஷம் பாத்துக்கட்டும். அப்புறம் தூக்கிடலாம்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அவள் அம்மாவுக்கு எதிரே மண்டிபோட்டு உட்கார்ந்தாள். அப்பாவின் முகம் ஏதோ கணக்குப் போடுகிறவர் முகம்போல இருந்தது.

"அம்மா. போன் உங்கிட்டதான இருக்கு?"

அம்மா மறைக்கவில்லை. துணியை விலக்கினாள். அப்பாவின் கைக்கடியில் போன் கிடந்தது. விளிம்பில் கிரீஸ் ஒட்டியிருந்தது.

"குடுத்துட்டா அதோட எல்லாம் முடிஞ்சுடும்ல" என்றாள் அம்மா. "கடையில நீ காசில்லாம நிப்பியேன்னுதான் அவர் கைய எடுத்து வெச்சேன். வெச்சதும் ஒத்துக்கிச்சு. அப்ப இன்னும் கதகதன்னுதான் இருந்துச்சு."

"அப்ப ஏன் மொதல்ல வேண்டாம்னு போட்ட?"

"நான் எங்க போட்டேன்?"

"கடையிலயும் வந்துச்சு, இப்பவும் வந்துச்சு."

"நான் வேண்டாம்னு ஒண்ணுகூட போடலடி. வெளிச்சத்தப் பாத்துட்டுக் கைய உள்ள விடுறதுக்குள்ள, ரெண்டாவது தடவ கேட்டு நிக்குது."

பதில் சொல்லாமல் விட்டால் தானாகவே வேண்டாம் என்று போய்விடுமோ என்னவோ. அப்படியும் இருக்கலாம். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், அம்மாவும் பார்த்தாள். அதற்குமேல் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

அவள் தன் போனை எடுத்தாள். பள்ளியின் பக்கம் காலையிலிருந்து அப்படியே திறந்து கிடந்தது.

"அம்மா, காலையில அப்பாகிட்ட ஒண்ணு கேட்டேன். ஒரு தடவதான் கேட்டேன்."

அவள் அழுத்தினாள். அப்பாவின் போனில் வெளிச்சம் வந்தது. அம்மா குனிந்து படித்தாள். பள்ளியின் பெயர், ஊர், விடுதி என்று ஒவ்வொன்றாக உதடு அசைய வாசித்தாள். இந்தச் சரியோடு இந்த வீட்டில் தான் மட்டும்தான் இருப்போம் என்பது படிக்கப் படிக்க அம்மாவுக்குப் புரிந்துகொண்டிருந்தது. முகத்தில் அது அப்படியே தெரிந்தது. அவளுக்கு அம்மாவை நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது. வேண்டாம், விட்டுவிடலாம் என்று வாய்வரை வந்தது. ஆனால் சொல்லவில்லை, ஏனென்றால் அது அவளுக்கு வேண்டியிருந்தது.

"இதத்தான் நேத்து ராத்திரி தூங்காம யோசிச்சிட்டு இருந்தாரா" என்றாள் அம்மா. "எங்கிட்ட சொல்லவே இல்ல."

அப்பாவின் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கட்டைவிரலைப் பிரித்துத் திரையில் வைத்து அழுத்தினாள். திரை லேசாக அதிர்ந்தது. பொருந்தவில்லை, மறுபடி வைக்கவும் என்றது. துடைத்துவிட்டு வைத்தாள். பொருந்தவில்லை.

"சில்லுனு ஆயிடுச்சு" என்றாள் அம்மா. "இவ்வளவு நேரம் பிடிச்சிட்டுதான இருந்தேன். எப்ப இப்படி ஆச்சு?"

கதவுக்கு வெளியே பெரியப்பா இருமினார். அம்மா அந்த விரலைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்தாள். வாயருகே கொண்டுபோய் ஊதினாள், தேய்த்தாள், மறுபடி ஊதினாள். அவளும் எழுந்து அந்தப் பக்கம் போய், அம்மாவின் கைகளைச் சுற்றித் தன் கைகளைப் பொத்தினாள். இருவருமாக மாறி மாறி ஊதினார்கள், ஈர விறகு வைத்த அடுப்பை ஊதுகிற மாதிரி.

அத்தை கதவைத் திறந்தாள். கூப்பிட வாயெடுத்தவள், குனிந்திருந்த இரண்டு தலைகளையும், நடுவில் இருந்த அண்ணனின் கையையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். பிறகு சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்" என்று அத்தை வெளியே சொல்வது கேட்டது.

வண்டிக்காரர் இன்ஜினை நிறுத்தினார்.