நாற்பத்தொன்றாவது ஆள்

பெக்கான் நானாஸ் ஊருக்கு வெளியே, அன்னாசித் தோட்டங்களை ஒட்டியிருந்த தமிழ்ப்பள்ளியில் மொத்தமே பதினேழு பிள்ளைகள். நான்காம் ஆண்டு வகுப்பில் லோஷினி ஒருத்திதான். வாசுகி டீச்சர் கேள்வி கேட்டால் அவள்தான் கை தூக்க வேண்டும். தூக்காவிட்டாலும் டீச்சர் அவளைத்தான் பார்ப்பார்.

கல்விச் சுற்றுலாவுக்கு ஒரு வேனும் டீச்சரின் காரும் போதுமாக இருந்தன. தம்போயில் ஒரு பேரங்காடியின் மூன்றாம் மாடியில் இருந்தது அந்த விளையாட்டு மையம். சின்னப் பிள்ளைகள் நேராகப் பந்துக்குளத்தில் போய் விழுந்தார்கள். ஆறாம் ஆண்டுப் பையன்கள் ஏறுசுவரைப் பிடித்துக்கொண்டார்கள். லோஷினி துள்ளுமெத்தையில் கொஞ்ச நேரம் தனியாகக் குதித்தாள். பக்கத்தில் தடை ஓட்டம். இரண்டிரண்டு பேராகத்தான் உள்ளே விட்டார்கள். அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மாசாயிலிருந்து இன்னொரு தமிழ்ப்பள்ளி வந்து சேர்ந்தது. லோஷினியின் பள்ளியைப் போலவே அவர்களுக்கும் மஞ்சள் டி-சட்டை. வரிசையில் ஜோடி கிடைக்காமல் நின்ற ஷர்மினி என்ற பெண் லோஷினியைக் கைகாட்டிக் கூப்பிட்டு, எந்த ஆண்டு என்று கேட்டாள். நாலு என்றாள் லோஷினி.

“நாலு மல்லிகையா? நான் தாமரை. அதான் உன்ன அவ்வளவா பாத்ததில்ல.”

லோஷினியின் பள்ளியில் வகுப்புகளுக்குப் பூப்பெயர் கிடையாது. “ஆமா, மல்லிகை” என்றாள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் இருவரும் கை கோத்தபடி ஓடினார்கள். ஷர்மினியின் தோழிகளும் சேர்ந்துகொண்டார்கள். எல்லாரும் நான்காம் ஆண்டு. ஒரே கணக்குப் பாடத்தைப் பற்றிப் புலம்பினார்கள். அந்தப் பின்னப் பாடம் தனக்கும் வராது என்று லோஷினி சொன்னபோது ஐந்தாறு பேர் ஒன்றாகச் சிரித்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் அவளும் அவர்களோடு உட்கார்ந்து ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கிக்கொண்டாள். கடைசியில் ஒரு பையனுக்குப் பொட்டலம் இல்லை. அவர்களை அழைத்து வந்த காளிதாஸ் சார் தலைகளை எண்ணினார். நாற்பத்தொன்று; கூட்டி வந்தது நாற்பது பேரைத்தான். மறுபடி எண்ணினார். பிறகு லோஷினியின் சட்டையில் இருந்த பள்ளிச் சின்னத்தைக் குனிந்து பார்த்தார். அவர் திட்டவில்லை. யாரோடு வந்தாய் என்று மெதுவாகத்தான் கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள் வாசுகி டீச்சர் மூச்சு வாங்க ஓடி வந்தார். கழிப்பறை வரைக்கும் தேடிவிட்டு வந்த முகம் வெளிறியிருந்தது.

“நீ எங்க ஸ்கூல் இல்லியா?” என்று கேட்டாள் ஷர்மினி. அதில் கோபம் இல்லை. லோஷினி பிரிக்காத பொட்டலத்தை அந்தப் பையனிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

திரும்பும்போது டீச்சர் அவளைக் காரில் முன்னிருக்கையில் உட்காரவைத்தார். பின்னால் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் இருவர் தூங்கிவிட்டார்கள். வெகுதூரம் போன பிறகு, பொந்தியானில் பெரிய பள்ளி இருக்கிறது, அம்மாவிடம் பேசிப் பார்க்கட்டுமா என்று டீச்சர் கேட்டார்.

லோஷினி யோசித்தாள். “நான் போயிட்டா நீங்க யாருக்கு டீச்சர் நாலாம் ஆண்டுப் பாடம் நடத்துவீங்க?”

டீச்சர் சாலையையே பார்த்து ஓட்டினார்.

அம்மாவுக்குக் காலை ஆறு மணிக்கே தொழிற்சாலை வேலை. பொந்தியானுக்குக் கொண்டுபோய்விட ஆளில்லை. அடுத்த ஜனவரியில் லோஷினி அதே பள்ளியில் ஐந்தாம் ஆண்டுக்குப் போனாள். நான்காம் ஆண்டில் யாரும் இல்லை.